உள்குத்தகை ஆட்களும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பும்

வீடு கட்டுபவர் ஒப்பந்தம் போடுவது ஒரு காண்ட்ராக்டரோடு. வீட்டைக் கட்டி முடிப்பதோ பல குழுக்கள். கடைக்கால் தோண்ட ஜேசிபிக்காரர் வருவார். கம்பி கட்ட ஒரு குழு, சென்ட்ரிங் அடிக்க இன்னொரு குழு, தளம் போடும் அன்று மட்டும் கலவை மெஷினோடு வந்து பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடும் கான்கிரீட் செட், அதன் பிறகு பூச்சு, பிளம்பிங், ஒயரிங், டைல்ஸ், பெயின்ட் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இவர்களில் காண்ட்ராக்டரின் சொந்த ஆட்கள் சிலரே. மற்றவர்கள் அவரிடமிருந்து வேலையை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள், அல்லது அப்படி எடுத்தவர் கூட்டிவந்தவர்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ முகவர் ஒருவர் மூலம் வந்து சேர்ந்த இளைஞருக்குத் தன்னை யார் வேலைக்கு வைத்திருக்கிறார் என்பதே சில சமயம் தெரியாது.

அப்படிப்பட்ட ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு தர வேண்டியது யார்? பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு? உள்குத்தகைக்காரர் கூலி கொடுக்காமல் போய்விட்டால் வீட்டுக்காரர் தர வேண்டுமா? இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு சட்டம் ஆள்கிறது, விடைகளும் வேறுபடுகின்றன. ஒப்பந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்பது அந்த விடையில் ஒரு பங்கு மட்டுமே. ஆளை வைத்தவர், கூலி கொடுத்தவர், வேலையை ஏவியவர், ஆபத்து இருப்பதை அறிந்திருந்தவர் ஆகியோர் யார் யார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் சொந்தக் குடியிருப்புக்காக வீடு கட்டும், அல்லது பழுதுபார்க்கும் தனிநபரின் நிலை இங்கே விளக்கப்படுகிறது.

வேலைக்கு வைத்தவர் யார்

வீட்டு வேலை மூன்று வகையாக நடக்கிறது. முதலாவது நாள் கூலி. உரிமையாளரே ஒரு மேஸ்திரியை அமர்த்தி, அவர் கூட்டிவரும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைதோறும் கூலி கணக்குப் பார்த்துக் கொடுப்பார். இதில் மேஸ்திரி காண்ட்ராக்டர் ஆகமாட்டார், அவரும் கூலிக்கு வேலை செய்பவரே. சட்டத்தின் பார்வையில் எல்லோருக்கும் முதலாளி வீட்டு உரிமையாளர். இரண்டாவது லேபர் காண்ட்ராக்ட். சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் உரிமையாளர் வாங்கித் தர, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் பேசப்படும். மூன்றாவது பொருளோடு சேர்த்துப் பேசும் முழு காண்ட்ராக்ட். இந்த மூன்றாவது வகையில்தான் உரிமையாளருக்கும் உள்குத்தகை ஆட்களுக்கும் இடையே இருக்கும் தூரம் அதிகம். நடுவில் நிற்கும் லேபர் காண்ட்ராக்டில், காண்ட்ராக்டர் எனப்படுபவர் உண்மையிலேயே தன் பொறுப்பில் ஆள் வைத்து, லாப நட்டம் ஏற்று வேலையை முடிப்பவரா, பெயருக்குக் காண்ட்ராக்டராக இருக்கும் மேஸ்திரியா என்ற ஆராய்ச்சி வந்துவிடும்.

தொழிலாளர் இழப்பீட்டுக்கு அடிப்படை 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 2009-இல் செய்த திருத்தத்தால் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 இந்தச் சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். முதலாளியின் பொறுப்பு பற்றிய அடிப்படைக் கட்டமைப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பதைப் புதிய தொகுப்பு வெளிப்படையாகச் சொல்கிறது.

பழைய சட்டத்தில் 2000-ஆம் ஆண்டு வரை ஒரு விலக்கு இருந்தது. தன் தொழிலுக்காக அல்லாமல், எப்போதாவது ஒரு வேலைக்கு அமர்த்தப்பட்டவர் இழப்பீட்டுக்கு உரியவர் அல்ல என்பது அது. வீட்டில் இரண்டு நாள் வெள்ளையடிக்க ஒருவரை வைத்தவர் இந்த விலக்கைக் காட்டித் தப்பிக்க முடிந்தது. அந்த ஆண்டுத் திருத்தம் விலக்கை நீக்கிவிட்டது. கட்டடம் கட்டுதல், பழுதுபார்த்தல், இடித்தல் ஆகிய வேலைகள் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆகவே நாள் கூலிக்கு ஒருவரை நேராக வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர், அரை நாள் வேலைக்கே வைத்திருந்தாலும், முதலாளியின் முழுப் பொறுப்பையும் ஏற்கிறார். இந்த மாற்றம் நடந்து கால் நூற்றாண்டு ஆகியும் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதை அறியாமல் இருப்பது கவலைக்குரியது.

இடையில் உண்மையான காண்ட்ராக்டர் இருந்தால் நிலை மாறுகிறது. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர் மீது தொழிலாளி நேரடியாக இழப்பீடு கோர, 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். வேலையை விட்டவர் தம் தொழில் அல்லது வியாபாரத்தின் பொருட்டு விட்டிருக்க வேண்டும். அந்த வேலை அவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாகவும் இருக்க வேண்டும். குடியிருக்க வீடு கட்டும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ வீடு கட்டுவது தொழில் இல்லை. அதனால் இந்தப் பிரிவு அவர்களைத் தொடாது. அதே பிரிவு காண்ட்ராக்டரை இறுகப் பிடிக்கும். கட்டுவது அவருடைய தொழில் என்பதால், சென்ட்ரிங்கை உள்குத்தகைக்கு எடுத்தவரின் ஆள் விழுந்தாலும் மேல் காண்ட்ராக்டர் இழப்பீடு தர வேண்டும். தந்த பிறகு உள்குத்தகைக்காரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். மனையில் வீடு கட்டி விற்பவருக்கும், வீடு கட்டி வாடகைக்கு விடுவதையே தொழிலாக நடத்துபவருக்கும் இந்தப் பிரிவிலிருந்து விலக்குக் கிடைப்பது கடினம்.

சட்டம் இப்படி இருக்க, நடைமுறை வேறு மாதிரி போகும். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்காக வழக்குப் போடும் வழக்கறிஞர் உள்குத்தகைக்காரர், காண்ட்ராக்டர், உரிமையாளர் மூவரையும் எதிர்த் தரப்பில் சேர்ப்பார். அவர் செய்வது சரியே. கையில் பணம் இருப்பவர் யார் என்று அந்தக் குடும்பத்துக்கு அப்போது தெரியாது. காண்ட்ராக்டர் முகவரி மாறிப் போயிருப்பார், உள்குத்தகைக்காரரின் செல்போன் அணைந்திருக்கும். தனக்கும் தொழிலாளிக்கும் நடுவில் சுதந்திரமான ஒரு காண்ட்ராக்டர் இருந்தார் என்று காட்டும் சுமை நடைமுறையில் உரிமையாளர் தலையில் வந்து விழும். எழுத்து ஒப்பந்தம் இல்லை, பணமெல்லாம் கையில் ரொக்கமாகக் கொடுத்தது, சனிக்கிழமைக் கூலியைச் சில வாரம் தானே பிரித்துக் கொடுத்தது என்றால் அதைக் காட்டுவது பெரும்பாடு.

நல்ல ஒப்பந்தம் வைத்திருப்பவரும் சிறு வேலைகளில் மாட்டிக்கொள்வது உண்டு. மாடியில் பெயின்ட் அடிக்க வந்தவரிடம், அப்படியே அந்தத் தென்னையில் நாலு மட்டையை வெட்டிப் போடுங்கள், தனியாகப் பணம் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அந்தக் கணத்திலிருந்து அந்த வேலைக்கு முதலாளி அவர்தான். காண்ட்ராக்டரிடம் கேட்டு ஓர் ஆளை ஒரு நாளைக்குத் தன் சொந்த வேலைக்கு அனுப்பச் சொல்வதும் அதே வகை. ஒருவரின் தொழிலாளி தற்காலிகமாக இன்னொருவரிடம் அனுப்பப்பட்டால், அங்கே வேலை செய்யும் நேரத்தில் அந்த இன்னொருவரே முதலாளி என்று சட்டம் சொல்கிறது. கூடுதல் வேலை எதுவானாலும் காண்ட்ராக்டரிடம் சொல்லி, அவர் கணக்கில் ஏற்றி, அவர் மூலமே பணம் கொடுப்பது நல்லது.

இழப்பீடு எவ்வளவு

தொகை பெரியது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை அவருடைய வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய். இன்றைய கொத்தனார் கூலிக்கு மாத வருமானம் இதை எளிதில் தாண்டும் என்பதால் கணக்குப் பெரும்பாலும் 15,000-இல்தான் நிற்கும். வயது 30 என்றால் காரணி 207.98. இறப்புக்கு இழப்பீடு 15,59,850 ரூபாய். அதே வயதில் நிரந்தர முழு ஊனத்துக்கு 18,71,820 ரூபாய். வயது 40 என்றால் காரணி 184.17, இறப்புக்கு 13,81,275 ரூபாய். காயத்துக்கான மருத்துவச் செலவை உள்ளபடியே திருப்பித் தர வேண்டும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும், தக்க காரணம் இல்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் 50 சதவீதம் வரை தண்டத் தொகையும் சேரும்.

தொழிலாளியின் கவனக்குறைவு இங்கே வாதமாகாது. குடித்திருந்தார், கொடுத்த பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினார் என்பவை சிறு காயங்களில் முதலாளியைக் காக்கலாம். இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவையும் காப்பதில்லை. விபத்து நேர்ந்தால் உரிமையாளர் பொறுப்பல்ல என்று ஆட்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 17-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்வதால், அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

வீட்டுக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது விபத்துக்குப் பிந்தைய சமரசம். பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசி, ஒரு தொகையை முடிவு செய்து, ரொக்கமாகக் கொடுத்து, இனி வழக்கு இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவார்கள். 8-ஆம் பிரிவின்படி இறப்புக்கான இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். முதலாளி நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்த தொகை இழப்பீடாகவே கொள்ளப்படாது. முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரையிலான தொகைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆகவே சமரசத்தில் பல லட்சம் கொடுத்தவர் பின்னர் ஆணையர் முன் முழுத் தொகையையும் மறுபடி செலுத்த நேரிடலாம். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம் அவசரத்தில் எழுதி வாங்கும் கையெழுத்தை நம்பக் கூடாது என்று சட்டம் முடிவு செய்திருக்கிறது. ஆணையரிடம் செலுத்திய பணம் உரிய வாரிசுகளுக்குப் பிரித்துத் தரப்படும்.

உரிமையாளரின் சொந்தக் கவனக்குறைவு

இழப்பீட்டுச் சட்டத்துக்கு வெளியே பொதுவான தீங்கியல் சட்டம் இருக்கிறது. சுதந்திரமான காண்ட்ராக்டர் செய்யும் தவறுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பல்ல என்பது அதன் பொது விதி. விதிக்கு விலக்குகள் பல. தகுதியில்லாதவர் என்று தெரிந்தும் வேலையை ஒப்படைத்தது, இடத்தில் இருக்கும் மறைவான ஆபத்தைச் சொல்லாமல் விட்டது, வேலையின் நடுவில் புகுந்து தானே உத்தரவிட்டது ஆகியவற்றில் உரிமையாளர் தம் சொந்தத் தவறுக்காகவே பொறுப்பாகிறார்.

மின்கம்பி இதற்கு நேரான உதாரணம். வீட்டுக்கு அருகே உயரழுத்தக் கம்பி போவது மனை வாங்கிய நாளிலிருந்து உரிமையாளருக்குத் தெரியும். மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகள் 11 கிலோவோல்ட் வரையிலான உயரழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன. பால்கனியை ஓரடி வெளியே இழுக்கச் சொன்னது உரிமையாளராக இருந்து, இரண்டாம் தளத்துக்கு நீளக் கம்பியைத் தூக்கும்போது அது மின்கம்பியில் பட்டு ஒருவர் இறந்தால், காண்ட்ராக்டரின் ஆள் என்று சொல்லி ஒதுங்க முடியாது. கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். அந்த இணைப்பில் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்தாமல், தரையில் கிடக்கும் ஒட்டுப்போட்ட ஒயரில் கலவை மெஷினும் கட்டிங் மெஷினும் ஓட விடுவது உரிமையாளரும் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆபத்து.

தண்ணீர்த் தொட்டி இன்னொன்று. புதிதாகக் கட்டிய தரைத்தொட்டிக்கு மேல்தளம் போட்டு, வாயை மூடி, சில வாரம் கழித்து சென்ட்ரிங் பிரிக்க ஆள் இறங்குவார். உள்ளே ஈரத்தில் ஊறிய பலகையும் கம்புகளும் மக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். இப்படி ஒரே தொட்டியில் இருவர், மூவர் இறந்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, காற்று ஊதும் கருவியால் போதிய நேரம் காற்றை உள்ளே செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டிய பிறகே ஒருவரை இறக்க வேண்டும். மேலே ஒருவர் கண் எடுக்காமல் நிற்க வேண்டும். இதைக் காண்ட்ராக்டர் செய்கிறாரா என்று பார்ப்பது உரிமையாளரின் வேலை இல்லை என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். ஓர் உயிர் அதைப் பொறுத்து இருக்கும்போது உரிமையாளர் அன்று மனையில் நின்று பார்ப்பதே நியாயம்.

பக்கத்து வீட்டுக்கு ஏற்படும் சேதத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. பக்கத்து நிலத்துக்குத் தாங்குதல் தரும் கடமையைக் காண்ட்ராக்டரிடம் தள்ளிவிட முடியாது என்பது இங்கிலாந்தில் 1876-இல் தீர்ப்பான போவர் எதிர் பீட் வழக்கிலிருந்து தொடரும் கோட்பாடு. அந்த வழக்கில் பக்கத்து வீட்டுக்கு முட்டுக் கொடுப்பதையும் சேதத்தைச் சரிசெய்வதையும் காண்ட்ராக்டர் தன் பொறுப்பில் ஏற்றிருந்தார். முட்டு போதாமல் வீடு சேதமானபோது, வேலை கொடுத்தவரே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தாங்குதல் உரிமையை இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882 ஏற்கிறது. நகரத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே கடைக்கால் தோண்டுபவர், ஜேசிபி வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டின் விரிசல்களை அந்த வீட்டுக்காரரின் முன்னிலையில் தேதியோடு படம் எடுத்து வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டாமல், பகுதி பகுதியாகத் தோண்டி நிரப்பச் சொல்லலாம்.

விபத்தில் ஒருவர் இறந்தால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. கட்டுவதிலும் இடிப்பதிலும் போதிய முன்னெச்சரிக்கை எடுக்காததற்குத் தனிப் பிரிவு உண்டு. குற்றவியலில் ஒருவர் மற்றவரின் தவறுக்காகத் தண்டிக்கப்படுவதில்லை. வீட்டின் சொந்தக்காரர் என்பது மட்டும் போதாது, மரணத்துக்கு நேரடிக் காரணமாக அவர் செய்ததையோ செய்யத் தவறியதையோ காட்ட வேண்டும். ஆயினும் முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருந்தால் முன்ஜாமீனுக்கு அலைவதும், வழக்கு ரத்தாகும் வரை நீதிமன்றப் படி ஏறுவதும் தவிர்க்க முடியாதவை.

கழிவுநீர்த் தொட்டி

இந்த ஒரு வேலையில் இடையில் எத்தனை காண்ட்ராக்டர்கள் இருந்தாலும் பயனில்லை. கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013-இன் 7-ஆம் பிரிவு, சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மறைமுகமாக என்ற சொல் லாரிக்காரரிடம் சொன்னேன், அவர் ஆளை இறக்கினார் என்ற வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம் இது. இந்த மரணங்களுக்கு அரசு தர வேண்டிய இழப்பீட்டை 2014-இல் 10 லட்சம் என்று நிர்ணயித்திருந்த உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது எளிது. தொட்டியை இயந்திர லாரியால் மட்டுமே உறிஞ்ச வேண்டும், எந்த நிலையிலும் ஆள் இறங்கக் கூடாது என்று முன்பே சொல்லி, உறிஞ்சி முடியும் வரை கூடவே நிற்பது. அடியில் கெட்டியான கசடு மிச்சம் இருக்கிறது, ஓர் ஆள் இறங்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று லாரிக்காரர் சொல்லும் இடத்தில்தான் உயிர்கள் போகின்றன. கசடு இருந்தால் இருக்கட்டும்.

கூலி பாக்கியும் கடை பாக்கியும்

காண்ட்ராக்டருக்குத் தவணையை உரிமையாளர் கொடுத்துவிட்டார். அவர் டைல்ஸ் குழுவுக்குக் கொடுக்கவில்லை. மாலையில் நான்கு பேர் கேட்டருகே நிற்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய சட்டத்தில் முதன்மை முதலாளி கூலி தர வேண்டும் என்ற விதி, தொழிலோ வியாபாரமோ நடக்கும் நிறுவனங்களுக்கானது. குடியிருப்பு வீடு அந்த வரையறைக்குள் வராது. அந்த நான்கு பேரின் ஒப்பந்தம் காண்ட்ராக்டரோடு, கோர வேண்டியதும் அவரிடம்.

அதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. செய்த வேலைக்குக் கூலி கிடைக்காதவர்களைத் திருப்பி அனுப்புவது மனசாட்சிக்கு ஒவ்வாது, வேலையும் அங்கேயே நின்றுபோகும். அவசரப்பட்டு நேராகப் பணம் கொடுத்தாலோ அதே தொகையைக் காண்ட்ராக்டர் மறுபடி கேட்பார், ஆட்களை வைத்தவர் உரிமையாளரே என்பதற்கும் அது சான்றாகும். இரண்டையும் தவிர்க்க ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போதும். உள்குத்தகை ஆட்களுக்கான கூலி ஏழு நாளுக்கு மேல் பாக்கி நின்றால், காண்ட்ராக்டர் சார்பாக உரிமையாளர் அதைக் கொடுத்து அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போது யார் சார்பாக, எந்த வேலைக்கு என்று ரசீதில் குறித்துக் கையெழுத்து வாங்குவது அவசியம்.

செங்கல் சூளைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் காண்ட்ராக்டர் வைத்த கடன் உரிமையாளரைச் சேராது. அவர் வாய்மொழியாக உத்தரவாதம் கொடுத்திருந்தாலோ, பில் அவர் பெயரில் போடப்பட்டிருந்தாலோ, டெலிவரி சலானில் வாங்குபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலோ கதை மாறும். முழு காண்ட்ராக்டில் வீட்டுக்காரர் சலானில் கையெழுத்திடவே வேண்டாம்.

ஒப்பந்தமும் காப்பீடும்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 40-ஆம் பிரிவின்படி, தானே செய்ய வேண்டும் என்ற கருத்து ஒப்பந்தத்தில் இல்லாதவரை ஒருவர் தகுதியான வேறொருவரைக் கொண்டு வேலையை முடிக்கலாம். ஆகவே எழுதாமல் விட்டால் உள்குத்தகை அனுமதிக்கப்பட்டதே. முழுவதுமாகத் தடை செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒயரிங்கையும் டைல்ஸையும் எந்தக் காண்ட்ராக்டரும் தன் சொந்த ஆளைக் கொண்டு செய்வதில்லை. எந்தெந்த வேலை உள்குத்தகைக்குப் போகலாம், உள்குத்தகைக்காரரின் பெயரும் ஆதார் நகலும் வேலை தொடங்கும் முன் உரிமையாளருக்குத் தரப்பட வேண்டும், அவர் அதை மேலும் கீழே விடக் கூடாது என்ற மூன்றையும் எழுதினால் சங்கிலி கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும். உள்குத்தகைக்காரரின் குறைகளுக்கும் தவறுகளுக்கும் காண்ட்ராக்டரே பொறுப்பு, அவற்றால் உரிமையாளருக்கு வரும் எந்தச் செலவையும் காண்ட்ராக்டர் ஈடு செய்வார் என்ற வாசகமும் வேண்டும். அந்த உறுதி காண்ட்ராக்டரின் கையிருப்பு அளவுக்கே பலிக்கும் என்பதால் ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்தம் வைத்து, வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து விடுவிப்பது வழக்கம்.

உண்மையான பாதுகாப்பு காப்பீட்டில்தான் இருக்கிறது, தொழிலாளிக்கும் சரி, வீட்டுக்காரருக்கும் சரி. பணியாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைக் காண்ட்ராக்டர் எடுக்க வேண்டும். பாலிசி கையில் இருக்கிறது என்பதோடு உரிமையாளர் நின்றுவிடக் கூடாது. அதில் இந்த மனையின் முகவரி இருக்கிறதா, அறிவித்த ஆட்களின் எண்ணிக்கை தளம் போடும் நாளின் கூட்டத்துக்குப் போதுமா, உள்குத்தகை ஆட்களுக்கான கூடுதல் சேர்க்கை வாங்கப்பட்டிருக்கிறதா, மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா, காலம் எப்போது முடிகிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். உள்குத்தகை ஆட்களுக்கான சேர்க்கையும் மருத்துவச் செலவும் தனிப் பிரீமியம் கட்டினால்தான் வரும். நாள் கூலி முறையில் கட்டுபவர் இந்தப் பாலிசியைத் தன் பெயரில் எடுக்க வேண்டும். கட்டுமானப் பணிக்கான அனைத்து இடர் காப்பீடு என்று ஒன்று உண்டு. அதன் மூன்றாம் நபர் பகுதி பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெருவில் போகிறவருக்கும் நேரும் தீங்கை ஏற்கும், மனையில் வேலை செய்பவர்களை ஏற்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் எடுப்பவர்கள் பலர்.

கட்டட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்தப்படுகிறது. கட்டுமானத் தொழிலாளர் பற்றிய 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 10 லட்சத்துக்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையை விலக்கியிருந்தது. புதிய சட்டத்தொகுப்பில் அந்த வரம்பு 50 லட்சம். இந்தப் பணம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது, வாரியத்தின் உதவித்தொகைகள் அதிலிருந்தே வருகின்றன. உரிமையாளரின் இழப்பீட்டுப் பொறுப்பு அதனால் குறையாது. வேலைக்கு வருபவர்கள் வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று கேட்டு, இல்லாதவர்களைப் பதிவு செய்யத் தூண்டுவது அவர்கள் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உதவி. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவும் அப்படியே. இதில் கிடைக்கும் தொகையும் சட்டப்படியான இழப்பீட்டில் கழியாது.

மனையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். தேதி, வந்தவர்களின் பெயர், யாருடைய குழு, என்ன வேலை என்ற நான்கு விவரமும் காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளர் எழுதி அன்றன்றைக்குக் கையெழுத்திட வேண்டும். பணம் முழுவதும் வங்கி வழியே காண்ட்ராக்டர் கணக்குக்குப் போக வேண்டும். பாதுகாப்பு பற்றிச் சொல்ல வேண்டியதைக் காண்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிச் சொல்வது நல்லது. சாரத்தில் நிற்கும் ஆளிடம் நேராக உத்தரவிட வேண்டியது உயிருக்கு ஆபத்து என்று கண்ணால் கண்ட நேரத்தில் மட்டுமே. அந்த நேரத்தில் தயங்காமல் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

முதலில் மருத்துவமனை. 108-ஐ அழைப்பது, யார் செலவு என்று பேசாமல் சிகிச்சையைத் தொடங்கச் செய்வது. மருத்துவமனையில் விழுந்தார் என்று மட்டும் எழுதாமல் எங்கே, என்ன வேலையில் என்று உண்மையைப் பதிய வைக்க வேண்டும். மாற்றிச் சொன்னால் காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணமாகும். சாரத்தையும் ஒயரையும் கழற்றாமல் அப்படியே விட்டுப் படம் எடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குக் காண்ட்ராக்டர் உடனே எழுத்தில் தெரிவித்தாரா என்று உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு உரிமையாளரே மின்னஞ்சல் அனுப்பலாம். காவல் துறைக்கு மறைக்கக் கூடாது. குடும்பத்துக்கு உடனடிச் செலவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு முன்பணம் என்று குறித்து ரசீது வாங்கலாம். பொறுப்பை ஏற்றோ மறுத்தோ எந்தத் தாளிலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பழைய சட்டத்தில் இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு ஆண்டுக் காலம் இருந்தது, தக்க காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்பட்டது. அதனால் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், வருகை நோட்டு, பாலிசி ஆகிய நான்கையும் புதுமனை புகுவிழா முடிந்த கையோடு எறிந்துவிடாமல், குறைந்தது மூன்று ஆண்டுகள் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பது நல்லது.